சொற்கள் சாகலாம், சாட்சி சாகலாமா?

"போயிற்றே அந்தக் காலத்துப் பேச்சு!" என்று பெருமூச்செறிவோர் இல்லாத ஊர் இல்லை. எங்கள் காரைக்காலில் அவர்கள் இரு வகையினர். ஒரு சாரார், பிரெஞ்சுக் கொடி பறந்த நாட்களை எண்ணி ஏங்குபவர்கள். 'முசே' என்றழைத்த மரியாதை எங்கே, 'மதாம்' என்ற விளி எங்கே, நகரத் தலைவரை 'மேர்' என்றும் அவரது அலுவலகத்தை 'மேரி' என்றும் சொன்ன நா எங்கே என்று கேட்பார்கள். மற்றொரு சாரார் வயலை நோக்கி ஏங்குபவர்கள். வேலி, மா, குழி என்று நிலம் அளந்த கணக்கும், கலம், மரக்கால், படி என்று நெல் அளந்த கணக்கும் பேரப்பிள்ளைகளின் வாயில் இல்லையே என்பது அவர்களது வருத்தம்.

இந்த ஏக்கம் நியாயந்தானா? ஒரு சொல் வழக்கொழிந்தால் அதற்காக வருந்துவது அறிவுடைமையா, அன்றி வீண் புலம்பலா?

நம் தோழர்களில் பலர் இதற்கு நொடியில் விடை கூறிவிடுவர். பழைய சொல் நீங்குவதும் புதிய சொல் புகுவதும் குற்றமாகாது என்று நன்னூல் செய்த பவணந்தியாரே கூறிவிட்டாரே, அதற்குமேல் அழுகை எதற்கு என்பர். மொழி ஓர் ஆறு, ஓடட்டும் என்பர். விடை தவறன்று, ஆனால் போதாது. ஆற்று நீர் தானாக ஓடும். சொல் தானாக ஒழிவதில்லை. தொழில் மாறியதால் ஒழிந்த சொல் உண்டு. ஆட்சி மாறியதால் ஒழிந்த சொல் உண்டு. பல்லாயிரவர் போராடிக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியதால் ஒழிந்த சொல்லும் உண்டு. மூன்றுக்கும் ஒரே ஒப்பாரி வைப்பது மடமை. மூன்றையும் ஒரே சிரிப்பால் ஒதுக்குவதும் மடமையே.

முதலில் பிரெஞ்சு ஏக்கத்தைப் பார்ப்போம். 1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த காரைக்கால், இடையிடையே ஆங்கிலேயரிடம் சிக்கி மீண்டாலும், 1954 நவம்பர் 1 வரை அவர்கள் ஆட்சியில் இருந்தது. சட்டப்படியான இணைப்பு நிறைவேறியது 1962 ஆகஸ்டு 16-இல். இருநூறாண்டு ஆட்சி சில சொற்களை விட்டுச் செல்லாமலா போகும்? 'கொம்யூன்' என்ற சொல் இன்றும் எங்கள் பஞ்சாயத்துகளின் பெயரில் உயிரோடிருக்கிறது. பிரெஞ்சுப் படையில் ஊழியம் செய்து ஓய்வூதியம் பெற்றவரைச் 'சொல்தா' என்று குறிக்கும் வழக்கும் முற்றிலும் போய்விடவில்லை. போனவை பெரும்பாலும் மரியாதைச் சொற்களே.

அந்த மரியாதை யாருக்குக் கிடைத்தது? சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற மூன்று சொற்களைத் தலைமேல் தாங்கிய குடியரசுதான், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கு வாக்காளர் பட்டியலை ஐரோப்பியருக்கு ஒன்று, இந்தியருக்கு ஒன்று என்று பிரித்து வைத்தது. 1873-இல் புதுச்சேரி வழக்கறிஞர் பொன்னுத்தம்பி, ஐரோப்பியர் அணியும் சப்பாத்தோடு நீதிமன்றத்தில் நுழைந்தார். கூடாது என்றது நீதிமன்றம். பாரிசின் மேல்முறையீட்டு மன்றம் வரை சென்று அவர் வென்றார். பிறகு, 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி, பழைய வருண வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமைச் சட்டத்தின்கீழ் வர விரும்பியோர் புதுக் குடும்பப் பெயரும் சூடிக்கொண்டனர். பொன்னுத்தம்பி சூடிய பெயர் 'லப்போர்த்'. வாயில் என்று பொருள். ஒருவர் தம் பெயருக்கே வாயில் என்று பெயரிடுகிறார் என்றால், அதுவரை எத்தனை கதவுகள் சாத்தப்பட்டிருந்தன என்று எண்ணிப் பாருங்கள். 'முசே' என்று அழைக்கப்பட்டவர் சிலர். 'முசே' என்று அழைத்துக்கொண்டே வெளியில் நின்றவர் பலர். இன்று ஏங்குவோர் எந்த வரிசையில் நின்று ஏங்குகிறார்கள் என்பதை அவர்களே சொல்லட்டும்.

இனி வயலுக்கு வருவோம். இங்கேதான் செய்தி அதிகம்.

நூறு குழி ஒரு மா. இருபது மா ஒரு வேலி. வேலி என்பது ஏறத்தாழ ஆறே முக்கால் ஏக்கர். எட்டுப் படி ஒரு மரக்கால். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். 1956-இல் இந்திய அரசு பதின்ம அளவைக்குச் சட்டம் இயற்றி, 1960களின் தொடக்கத்திற்குள் கடைதோறும் கிலோவையும் லிட்டரையும் கொண்டுவந்தபோது இந்தக் கணக்கு பள்ளிப் புத்தகத்தை விட்டு நீங்கியது. நீங்கியது நன்றே. ஊருக்கு ஊர் மாறிய படியால் ஏமாந்தவன் ஏழை. நாடெங்கும் ஒரே கிலோ என்றானபின் ஏமாற்றுவது சற்றேனும் கடினமாயிற்று.

"மரக்கால் என்றதும் எனக்குப் புதுநெல்லின் மணம் வருகிறது" என்பார் ஒரு பெரியவர். வரட்டும், அது பொய்யன்று. ஆனால் அதே மரக்கால் அதே களத்தில் வேறொருவர் மடியிலும் கவிழ்ந்தது. அவருக்கு வந்த மணம் எது? தமக்கு வரவேண்டிய நெல்லைத் தலை குவித்து அளந்தும், கூலி நெல்லைத் தலை தட்டி அளந்தும் வாழ்ந்த பண்ணைகளை அவர் கண்டவர். 1940களில் பி. சீனிவாசராவ் போன்றோர் கீழத்தஞ்சையில் பண்ணையாட்களைத் திரட்டியபோது, கூலியை 'முத்திரை மரக்காலில்' அளக்க வேண்டும் என்பதே ஒரு கோரிக்கையாக எழுந்தது. முத்திரை கேட்டார்கள் என்றால் முத்திரையற்ற மரக்கால் எவ்வளவு சுருங்கியிருக்கும் என்பதை ஊகிக்கக் கணக்காசிரியர் தேவையில்லை. நம் கழகத்தார் அல்லர் அவர்கள், செங்கொடிக்காரர். எனினும் உண்மைக்குக் கட்சி இல்லை. நன்றிக்கும் கட்சி இருக்கக் கூடாது.

அந்தக் களத்தில் மற்றொரு சொல் ஒலித்தது: 'ஆண்டே!' எழுபது வயதுக் கிழவரைப் பத்து வயதுப் பண்ணையார் மகன் 'அடே' என்பான். கிழவர் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு 'சின்ன ஆண்டே' என்பார். ஆளுகின்றவன் ஆண்டை. ஒருவனை ஆளும் உரிமை மற்றொருவனுக்கு உண்டு என்ற கொடுமை முழுவதையும் அந்த மூன்றெழுத்து விளி சுமந்துகொண்டு நாள்தோறும் வரப்பில் நடந்தது. சாத்திரம் படிக்காத பண்ணையாளுக்கு அந்த ஒரு சொல்லே சாத்திரமாயிற்று. அதைச் சொல்லும்போதெல்லாம் அவன் தன் அடிமை ஓலையில் தானே கையெழுத்திட்டான்.

அதற்கு இணையான சொற்கள் வீட்டுக்குள்ளும் இருந்தன. கணவனை இழந்த பெண்ணை 'அறுதலி' என்றார்கள், 'முண்டை' என்றார்கள். பெண் பிழை செய்தாளா? இல்லை. கணவன் காய்ச்சலில் இறந்தான், பட்டம் இவளுக்கு! மணவினையில் 'கன்னிகாதானம்' என்றார்கள். மாட்டைத் தானம் செய்வதுபோல், மண்ணைத் தானம் செய்வதுபோல், மகளைத் தானம் செய்யும் சொல் அது. அழைப்பிதழில் பொன்னெழுத்தில் அச்சிட்டார்கள். மணமகளும் எழுத்துக்கூட்டிப் படித்து மகிழ்ந்தாள்.

இந்தச் சொற்கள் எப்படி ஒழிந்தன? காலம் ஒழித்தது என்று கூறுவோர், உழைத்தவர் கணக்கைக் காலத்தின் பேரேட்டில் ஏற்றுகிறார்கள். 1929 செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு பெயருக்குப் பின் தொங்கும் சாதி வாலை வெட்டச் சொன்னது. பெரியாரும் அவர்வழி நின்றோரும் 'கன்னிகாதானம்' இருந்த இடத்தில் வாழ்க்கை ஒப்பந்தம் என்று எழுதினார்கள். அந்தத் திருமணங்கள் செல்லாது என்று ஆண்டுக்கணக்கில் ஏசப்பட்டன. பிறகு 1967-இல் அறிஞர் அண்ணாவின் அரசு சட்டம் செய்து ஏற்றது. புதுவை 1971-இல் அதே திருத்தத்தைச் செய்தது. 1909-இல் எங்கள் நிரவிப் பள்ளியில் தமிழாசிரியராகப் பணி தொடங்கிய கனகசுப்புரத்தினம், பின்னாளில் பாரதிதாசனாகி, கைம்பெண் மணத்தைப் பாட்டாக்கி ஊர் ஊராக அனுப்பினார். மேடையில் 'நமஸ்காரம்' போய் 'வணக்கம்' வந்ததும், 'அக்கிராசனர்' போய்த் 'தலைவர்' வந்ததும், 'அபேட்சகர்' போய் 'வேட்பாளர்' வந்ததும் அப்படித்தான். புதுச்சொல் பேசியவரை முதல் நாள் கேலி செய்தார்கள், மறுநாள் எதிர்த்தார்கள். மூன்றாம் நாள் தாமே பேசினார்கள். இன்று கேலி செய்தவரின் பேரனும் வேட்பாளராகவே நிற்கிறான், அபேட்சகராக அல்ல!

ஆகவே, 'ஆண்டே' போயிற்றே என்று எவரேனும் ஏங்கினால், அவர் ஏங்குவது சொல்லுக்காக அன்று. அந்தச் சொல் கேட்டபோது தாம் அமர்ந்திருந்த இடத்துக்காக. 'அந்தக் காலத்தில் பேச்சில் எவ்வளவு பணிவு!' என்பாரானால், பணிந்த முதுகு யாருடையது என்று கேளுங்கள். கோபம் வேண்டாம், கேள்வி போதும்.

இவ்வளவோடு நிறுத்திக்கொண்டால் நமக்குக் கைதட்டல் கிடைக்கும். உண்மை அத்தோடு நிற்கவில்லையே!

1968 டிசம்பர் 25. எங்கள் ஊரிலிருந்து தொலைவில் இல்லாத கீழவெண்மணியில், கூலி உயர்வுப் போராட்டத்தின் பகையில், ஒரு குடிசைக்குள் அடைபட்ட 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அப்போது கோட்டையில் இருந்தது நம் ஆட்சி. இருபது நாள் கழித்து, 1969 ஜனவரி 14-இல், இந்த மாநிலம் 'தமிழ்நாடு' என்ற தன் பெயரை முறைப்படி பெற்றது. எவ்வளவு காலம் ஏங்கிப் பெற்ற சொல் அது! எத்தனை பேர் அதற்காக உயிர் கொடுத்தார்கள்! அந்தச் சொல் பிறக்கவிருந்த அதே வேளையில், அதே மண்ணில், சொல் மாறினாலும் மாறாத ஒன்று நெருப்பாக எரிந்தது. 'பண்ணையாள்' என்ற சொல்லுக்குப் பதில் 'விவசாயத் தொழிலாளர்' என்று சட்டமும் செய்தித்தாளும் எழுதத் தொடங்கிய பின்னரே இது நடந்தது என்பதை மறக்க வேண்டாம்.

சேரி என்ற சொல் இழிவாயிற்று என்று 'காலனி' என்றோம். அயல்மொழிச் சொல்லாயிற்றே, அதில் இழிவு ஒட்டாது என்று நினைத்தார்கள் போலும். ஐம்பதாண்டில் அதிலும் ஒட்டியது. 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லையும் அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாகச் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவிக்க வேண்டியதாயிற்று. நல்ல அறிவிப்பு, வரவேற்கிறேன். ஆனால் பலகையில் பெயர் மாறிய தெருவுக்கு ஊர்த்தெருவிலிருந்து ஒருவர் திருமண அழைப்பிதழோடு செல்கிறாரா என்பதைப் பார்த்த பிறகே அந்தச் சொல் செத்ததா, வேடம் மாற்றிக்கொண்டதா என்று தெரியும்.

மறுபுறமும் ஒன்று உண்டு. ஆதிக்கத்தின் சொற்களோடு உழைப்பின் சொற்களும் சேர்ந்தே போய்க்கொண்டிருக்கின்றன. பட்டினச்சேரியிலும் கிளிஞ்சல்மேட்டிலும் முதிய மீனவர்களிடம் பேசிப் பாருங்கள். காற்று அவர்களுக்கு வெறுங்காற்று அன்று. வாடை வேறு, கொண்டல் வேறு, சோழகம் வேறு, கச்சான் வேறு. எந்தக் காற்றில் வலை எந்தப் பக்கம் இழுக்கும், எந்தக் காற்றில் கரை திரும்ப வேண்டும் என்ற அறிவு அந்தப் பெயர்களில் பொதிந்திருந்தது. எவனையும் தாழ்த்தாத சொற்கள் அவை. எந்தப் பண்டிதரும் உருவாக்காதவை. கடலில் உயிரைப் பணயம் வைத்தவர்கள் உருவாக்கியவை. அவற்றின் இடத்தில் இன்று கைப்பேசியின் வானிலை அறிக்கை வந்திருக்கிறது. உயிர் காக்கும் அறிக்கை, வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆயினும் இந்தச் சொற்கள் போவதற்கு வருந்தினால் அந்த வருத்தத்தை நான் வைதிகம் என்று ஏச மாட்டேன்.

இன்னும் தொலைவுக்குப் போனால் நம் பகுத்தறிவுக்கே ஒரு சோதனை காத்திருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு கப்பல்கள் போயின: ரெயூனியனுக்கும், 1853 முதல் மர்த்தினிக்குக்கும், 1854 முதல் குவாதலூப்புக்கும். குவாதலூப் ஒன்றுக்கே இந்தியாவிலிருந்து 40,000-க்கும் மேற்பட்டோர் சென்றனர். கரும்புத் தோட்டத்தில் அவர்கள் பேரப்பிள்ளைகள் தமிழை இழந்தார்கள். ஓட்டுரிமைகூட எளிதில் கிட்டவில்லை. அதற்காக 1904 முதல் 1923 வரை வழக்காடி வென்றவர் என்றி சிதம்பரம். பெயரில் மட்டும் ஊர் ஒன்றைச் சுமந்தவர். அத்தனையும் போனபின் அங்கே மிஞ்சிய தமிழ் எது? ரெயூனியனில் ஊறுகாய் 'ருகாய்' என்று சமையலறையில் இருக்கிறது, முருங்கை 'முருங்' என்று கீரைக்கட்டில் இருக்கிறது. குவாதலூப்பில் குழம்பு 'கொலொம்போ' ஆகியிருக்கிறது. வேப்பிலை 'வெப்பெலே' ஆகியிருக்கிறது. மத்தளமும் தாளமும் சிறிது திரிந்து ஒலிக்கின்றன. மாரியம்மன் பெயரும் பூசாரி என்ற சொல்லும்கூட அந்தக் கூட்டத்தில் உண்டு.

பூசாரி என்ற சொல் இந்த மண்ணில் ஒழிந்தால் நான் கண்ணீர் விட மாட்டேன். ஆனால் கடலுக்கு அப்பால், தாய்மொழியில் ஒரு வாக்கியம் பேசத் தெரியாத ஒருவர் 'வெப்பெலே' என்று சொல்லும்போது மூடநம்பிக்கை என்று நகைப்பது பகுத்தறிவா? அவரைப் பொறுத்தவரை அது தெய்வத்தின் சொல் மட்டும் அன்று. சாட்டையாலும் பறிக்க முடியாமல் போன கடைசிச் சொத்து. அம்மனை நம்பாமலே அந்தச் சொல்லை மதிக்க நம்மால் முடியும், முடிய வேண்டும். சொல்லை யார் வாயில் எவர் திணித்தார், யார் எதற்காகப் பற்றிக்கொண்டிருந்தார் என்று பார்க்காமல் சொல்லை மட்டும் பார்த்துத் தீர்ப்புக் கூறுவது, சாத்திரத்தைப் பார்த்து மனிதனைத் தீர்மானிப்பவரின் பழக்கம். அது நமக்கு எதற்கு?

ஆசிரியன் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு நேரடிச் சிக்கல் உண்டு. தஞ்சை வரலாறு பேசிய ஒரு நாள் வகுப்பில் 'சாணிப்பால்' என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதினேன். பொருள் தெரிந்தவர் எவரும் இல்லை. உழவர் வீட்டுப் பிள்ளை ஒருவன் எழுந்து, "பயிருக்கு ஊற்றும் உரமா, ஐயா?" என்றான். அந்த விடையைக் கேட்டு எனக்கு மகிழ்ச்சி பொங்கியது. அவன் பாட்டனின் வாயில் ஊற்றப்பட்டிருக்கக்கூடிய ஒன்று, அவனுக்கு உரமாகத் தோன்றும் அளவுக்கு உலகம் மாறியிருக்கிறதே! அடுத்த கணமே அச்சமும் வந்தது. இவனுக்கே தெரியாதென்றால், "அப்படியெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை, பண்ணையாரும் பண்ணையாளும் தந்தையும் மகனுமாக வாழ்ந்தார்கள்" என்று நாளை ஒருவர் இனிக்க இனிக்க எழுதினால் மறுக்கப் போவது யார்? அப்படி எழுதுவோர் இன்றும் இல்லாமல் இல்லை. சுவரொட்டிகளிலும் திருமணப் பதாகைகளிலும் வெட்டிய வால்கள் மீண்டும் முளைப்பதைக் காண்கிறோம். பழைய காலத்தின் இனிமையைப் பாடுவதில்தான் அந்த முளைப்பு தொடங்குகிறது. இனிமைக்குத் தேவையான சொற்களை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொண்டு, மற்றவற்றை மறதிக் கிடங்கில் தள்ளிவிடுகிறார்கள். மரக்கால் நினைவிருக்கும், முத்திரை மரக்கால் நினைவிருக்காது!

எனவேதான் சொல்கிறேன்: நாவிலிருந்து நீங்கிய இழிசொல் ஏட்டிலிருந்தும் நீங்கிவிடக் கூடாது. நாவில் இருந்தால் அது நஞ்சு. ஏட்டில் இருந்தால் அது சாட்சி. நம் தோழர்கள் அகராதிப் பணி என்றால் பண்டிதர் வேலை என்று ஒதுங்குகிறார்கள். கி. ராஜநாராயணன் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டா கரிசல் வட்டாரச் சொல்லகராதியைத் தொகுத்தார்? பள்ளிப் படிப்பையே முடிக்காத உழவர் அவர். 2021-இல் மறையும்வரை பிற்காலத்தைப் புதுச்சேரியில் கழித்தவர். கரிசலுக்கு ஓர் அகராதி இருக்கும்போது எங்கள் கடைமடைக்கும் கடலோரத்துக்கும் ஒன்று ஏன் கூடாது? கோட்டுச்சேரி முதல் திருமலைராயன்பட்டினம் வரை ஊருக்குப் பத்து இளைஞர் போதும். எண்பது வயதைத் தாண்டியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பத்தாண்டு கழித்துப் போனால் இருக்க மாட்டார்கள். நிலம் வைத்திருந்தவரிடம் மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். உழுதவரிடமும், நட்ட பெண்களிடமும், வலை இழுத்தவரிடமும், சொல்தாவின் மனைவியிடமும் கேளுங்கள். சில சொற்களைச் சொல்ல அவர்கள் தயங்குவார்கள். வற்புறுத்த வேண்டாம், பக்கத்தில் அமருங்கள்.

எழுதும்போது பொருளை அரைகுறையாக எழுதாதீர்கள். 'ஆண்டை: எசமான்' என்று ஒரே சொல்லில் முடித்தால் அகராதியும் பண்ணையாரின் கணக்குப்பிள்ளை ஆகிவிடும். யார், யாரை, எங்கே நின்று, எந்த வயதில் அப்படி அழைத்தார் என்றும் எழுத வேண்டும். கச்சானுக்கும் சோழகத்துக்கும் எதிரே திசையை மட்டும் எழுதாமல், அந்தக் காற்றில் மீனவர் என்ன செய்தார் என்றும் எழுத வேண்டும். சகர வரிசைக்கு வரும்போது, 'சாணிப்பால்' என்ற சொல்லுக்கு எதிரே நான் எழுத விரும்புவது இது: மாட்டுச் சாணம் கரைத்த நீர், 1940கள் வரை கீழத்தஞ்சைப் பண்ணைகளில், வேலைக்குப் பிந்தியதற்கும் எதிர்த்துப் பேசியதற்கும் தண்டனையாகப் பண்ணையாட்களின் வாயில் ஊற்றப்பட்டது, சவுக்கடியோடு சேர்த்தே பேசப்படும், சங்கம் வைத்துப் போராடியவர்களால் நிறுத்தப்பட்டது, இன்று வழக்கில் இல்லை.